மறுநாள் காலையைக் கவனிக்கச் சொல்லித்தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

திருச்சியில் வீடு வீடாகப் போய் யோக சிகிச்சை சொல்லித்தருகிறவள் நான். போன பங்குனியில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. இத்தனை பேர் கைகொடுத்திருக்காவிட்டால் அந்த வீட்டுப் படியை மூன்றாவது வாரத்துக்குப் பிறகு நான் ஏறியே இருக்கமாட்டேன். ஒவ்வொருவரிடமும் நேரில் சொன்னதுதான், ஆனால் நேரில் பாதிதான் வாயில் வந்தது. பெயர் போடவேண்டாம் என்று அக்கா சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை.

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அரிக்கிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் தலைகாட்டும். அக்காவுக்கு 45 வயது. இடது கால் இறுகியிருக்கும், பாதம் தூக்க வராமல் தரையில் உரசும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது அசதி. நாம் வேலை செய்து களைத்துப்போவது போல இல்லை அது. நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலேயே கையைத் தூக்க முடியாதபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் அக்கா உற்சாகமாக இருந்தார். நானும் சேர்ந்து உற்சாகமாகி, சுவரைப் பிடித்து நிற்கவைத்து, வீரபத்ராசனம் வரை போய், 40 நிமிஷம் செய்யவைத்தேன். மாலை 5 மணி, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை, சித்திரை மாத வெக்கை. முடிந்ததும் "ரொம்ப நல்லா இருக்கு டீச்சர்" என்றார். நிறைந்த மனசோடு வீடு திரும்பினேன். மறுநாள் காலை அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். "அவ இன்னும் எழுந்திரிக்கல டீச்சர். நீங்க வரவேணாம்னு சொல்லல. என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க, டாக்டர்கிட்ட கேக்கணும்." இரண்டு நாள் அக்கா படுக்கையை விட்டு எழவில்லை.

சார், அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் நான் ஒதுங்கியிருப்பேன். நீங்கள் என்னையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அந்த நரம்பியல் மருத்துவருக்கு என் நன்றி. வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்க, எனக்காகக் கால் மணி நேரம் ஒதுக்கினார். உறை போன நரம்பில் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே நின்றுபோகலாம் என்றார். ஊதாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறாராம். சூடு தணிந்தால் இந்தத் தளர்ச்சியும் தணியும், ஆனால் புதிதாக ஏதாவது தொல்லை தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் ஆசனத்தை விட்டுவிட்டு உடனே தன்னைக் கூப்பிடவேண்டும் என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை என் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மாத்திரையும் ஊசியும் அவர் பார்த்துக்கொள்வது. அதில் யோகத்துக்கு வேலையில்லை.

அன்றிலிருந்து வகுப்பு காலை 5.30-க்கு. 12 நிமிஷம். இரண்டு அசைவு, பிறகு ஓய்வு, மறுபடி இரண்டு அசைவு. பாதிக்கு மேல் படுத்தபடி: மூச்சை இழுக்கும்போது கை தலைக்கு மேலே, விடும்போது பக்கத்தில். கால்கள் முக்காலி மேல். கழுத்தில் ஈரத்துண்டு. வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டையும் அடியோடு விட்டோம். சீதளிக்கு நாக்கைக் குழலாக மடிக்க அக்காவுக்கு வராது, அதனால் பல்லிடுக்கில் காற்றை இழுக்கும் சீத்காரி. அது உடம்புச் சூட்டையே இறக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மூச்சு நிதானமானது, அக்காவுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்ட் தங்கைக்குத் தனியாகச் சொல்லவேண்டும். உன் வேலையில் நான் குறுக்கிடுகிறேன் என்று நீ நினைத்திருக்கலாம். நீயோ என் கையைப் பிடித்து அக்காவின் கணுக்காலில் வைத்து, பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளிக் காட்டினாய். கால் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பிறகு அதே பாதத்தைப் பத்து எண்ணும் வரை மெல்ல மெல்லத் தள்ளினாய். வெண்ணெய் இளகுவது போல விட்டுக்கொடுத்தது. எத்தனையோ வருஷமாக "மெதுவாக" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எவ்வளவு மெதுவாக என்பது அந்தப் பத்து எண்ணிக்கையில்தான் புரிந்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும் மாடி அறையில் விடிகாலையில்கூடச் சுவர் சுட்டது. கீழ்வீட்டுப் பாட்டி, நாங்கள் கேட்காமலே, தன் கூடத்தைத் திறந்துவிட்டார். பழைய சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, தொட்டால் ஜில்லென்றிருக்கும். 25 நாளும் நாங்கள் வருவதற்குள் கோலம் போட்டு முடித்து, ரேடியோவைத் தணித்துவைத்து, ஃபேனையும் போட்டு வைத்திருப்பார். அக்காவைப் படியில் இறக்கி ஏற்ற மகளும் அப்பாவும் இரண்டு பக்கமும் நிற்பார்கள். அந்தப் பெண்தான் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, நடுவில் பாத்ரூம் போகக் கூச்சப்பட்டு அம்மா முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார் என்றது. கண்ணே, நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது. டாக்டரிடமும் சொன்னோம். இப்போது நடுவில் ஓர் இடைவேளை பயிற்சியிலேயே உண்டு.

தச்சர் அண்ணாச்சிக்கு வருகிறேன். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக்கில் வழுக்கியது. பாட்டி வீட்டுத் தேக்கு நாற்காலி கனமாக, அசையாமல் நின்றது, ஆனால் அக்காவின் குதிகால் தரைக்கு எட்டவில்லை. நீங்கள் அவரை உட்காரவைத்து, பாதத்துக்கும் தரைக்கும் நடுவே அட்டையைச் செருகிச் செருகி அளந்து, நாலு காலிலும் ஒன்றரை அங்குலம் அறுத்து, ரப்பர் புஷ் மாட்டித் தந்தீர்கள். கூலி வாங்கவில்லை. குதிகால் பதிந்த அன்றுதான் அக்கா கையை ஊன்றாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

சென்னையில் எனக்குச் சொல்லித்தந்த ஆசிரியை, யோக ஆசான் கிருஷ்ணமாச்சார்யா வழியில் வந்தவர். ஆளுக்குத் தக்கபடி ஆசனம், ஆசனத்துக்குத் தக்கபடி ஆள் இல்லை என்று ஓயாமல் சொல்வார். நொந்துபோய் நான் போன் செய்தபோது அவர் ஒன்றை நினைவூட்டினார்: கிருஷ்ணமாச்சார்யா 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்கென்று வகுத்துக்கொண்டவர். "கட்டில் போதும், போ" என்றார். போனேன்.

சார், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவருக்குப் பதிவு வைக்கும் பழக்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். தினமும் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒரே வரி எழுதி, பில் குத்தும் கம்பியில் குத்திவைத்தீர்கள். "காபி டம்ளர் ஒரு கையில்." "எழ 20 நிமிஷம்." "பேச்சு இல்லை." நான் பயிற்சி கொடுத்த நாளின் தாளை விட்டுவிட்டு அடுத்த நாளின் தாளைப் பார்க்கக் கற்றுக்கொண்டது உங்களால்தான். அதைப் பார்த்துத்தான் கூட்டுவதும் குறைப்பதும்.

கடைசியாக அக்கா. வகுப்பு முடியும்போது எல்லோரையும் போல உங்களையும் தலை குனிந்து கைகூப்பச் சொன்னேன். "குனிஞ்சா முதுகுல சுரீர்னு கரண்ட் அடிக்குது டீச்சர்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். இந்த நோயில் அது உண்டு என்று பிறகு டாக்டரும் சொன்னார். எனக்கு வருத்தமாக இருக்குமோ என்று ஒரு வாரம் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இனி அப்படிப் பொறுக்காதீர்கள். நிமிர்ந்த தலையோடு நீங்கள் கைகூப்புவதே எனக்கு நிறைவு.

நோய் போகவில்லை. வெளியே போக வீல்சேர் வேண்டும், அசதியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஜூனில் பள்ளி திறந்த அன்று மகளுக்கு இரட்டைச் சடை பின்னினீர்கள். இடது சடைக்கும் வலது சடைக்கும் நடுவே கையை மடியில் வைத்துப் பத்து மூச்சு. நான் சொல்லித்தரவில்லை, நீங்களாகவே செய்தது. மறுநாள் தாளில் சார் எழுதியிருந்தது: "சாதாரணம்."

அண்ணாச்சி, நாற்காலியின் பின்பக்க வலது காலில் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறேன். இந்த முறை கூலி வாங்கிக்கொள்ளுங்கள்.