பிரேக் ஷூவை மட்டும் அனுப்பாதீர்கள், வீலோடு அனுப்புங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய டிரையம்ப், நார்ட்டன், பி.எஸ்.ஏ. பைக் வைத்திருக்கும் பலர் பிரேக் ஷூவை (வீலின் நடுவில் கிண்ணம் போல இருக்கும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த துண்டு) மட்டும் கூரியரில் அனுப்பி, "புது லைனிங் (ஷூவின் மேல் ஒட்டும் உராய்வுப் பட்டை) ஒட்டிக் கொடுங்க, போதும்" என்கிறீர்கள். இனிமேல் வீல், பிரேக் பிளேட் (ஷூவைத் தாங்கும் தட்டு), ஷூ மூன்றும் சேர்ந்து வந்தால்தான் வேலையை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். உங்களுக்கு இது கூடுதல் அலைச்சல், கூடுதல் செலவு. அதனால் காரணத்தை விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

வண்டியோடு வந்த பிரேக் போதவில்லை என்று வெளிக் கம்பெனி பிரேக்கை வாங்கி மாட்டுவது 1960, 70களில் இங்கிலாந்தில் சகஜம். ஜான் டிக்கிள் என்பவரின் இரட்டை லீடிங் ஷூ பிளேட் (அது என்ன என்று கீழே சொல்கிறோம்), இத்தாலியின் கிரிமேக்கா டிரம் எல்லாம் அப்படி வந்தவைதான். டிரையம்ப் கம்பெனியே தன் 8 அங்குல டிரம்மில் இரட்டை லீடிங் ஷூ கொடுத்தது 1968 மாடலில்தான். இந்தச் சாமான்களுக்கு இப்போது மாற்று கிடைப்பது அரிது. இருப்பதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

சாதாரண டிரம்மில் ஒரு கேம் (லீவரைப் பிடித்தால் திரும்பி ஷூவை விரிக்கும் துண்டு), இரண்டு ஷூ. சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும், மற்றதைத் தள்ளிவிடும். இழுபடுவதுதான் லீடிங் ஷூ. இரட்டை லீடிங்கில் ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு கேம் உண்டு, இரண்டு ஷூவும் இழுபடும். பிடிப்பு அதிகமாவது இதனால்தான். (மலைப்பாதை ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் நழுவுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பின்னோக்கிச் சுழலும்போது இந்த இழுப்பு வேலை செய்யாது. அது கோளாறு இல்லை, பின் பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள்.) இரண்டு கேமையும் இணைக்கும் கம்பியின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் ஒரு ஷூ முந்திக்கொண்டு தொடும், மற்றது சும்மா இருக்கும். பிளேட் டிரம்முக்குள் உட்கார்ந்த பிறகுதான் இதைச் சரியாக வைக்க முடியும்.

முக்கியமான விஷயம் டிரம். ஸ்போக்கை இறுக்கும்போது அந்த இழுவையில் ஹப்பே (டிரம் இருக்கும் வீலின் நடுப்பகுதி) லேசாகக் கோணி, டிரம் ஓவல் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. டயல் கேஜ் (நுண்ணிய அளவை முள்ளில் காட்டும் கருவி) வைத்து வீலைச் சுற்றினால் முள் ஆடுவதில் தெரியும், லீவரைப் பிடிக்கும்போது விரலில் துடிப்பாகவும் தெரியும். அதனால் முதலில் கோட்டம் எடுத்து, ஸ்போக்கை முழுசாக இறுக்கி, அதற்கப்புறம் வீலோடு லேத்தில் ஏற்றி டிரம்மைக் கடைகிறோம். கடைந்தால் டிரம்மின் உள்விட்டம் கூடிவிடும் அல்லவா? அதற்கேற்ற கனத்தில் லைனிங் ஒட்டி, ஷூவை அதனதன் பிளேட்டிலேயே மாட்டி, புது அளவுக்கு லேத்தில் திருப்புகிறோம். டிரம்மைப் பார்க்காமல் லைனிங் ஒட்டினால் நடுவிலோ ஓரத்திலோ மட்டும்தான் உரசும். கடையில் வாங்கிய ஷூ புதுசாக இருந்தும் பிரேக் பிடிக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 1955 முதல் மெட்ராஸில் தயாரான புல்லட்டின் டிரம்முக்கும் இதே கதைதான்.

பிளேட் அலுமினிய வார்ப்பு. எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக எடுத்து, சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்க்கிறோம். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பி வரும். ஷூவைத் தாங்கும் முளை (பின்) உட்காரும் இடத்திலோ, பிளேட் ஃபோர்க்கோடு பூட்டப்படும் இடத்திலோ அந்தக் கோடு தெரிந்தால் வெல்டிங் வைத்துத் தரச் சொல்லாதீர்கள், செய்ய மாட்டோம். ஓடும்போது அது உடைந்தால் பிளேட் வீலோடு சேர்ந்து சுழலும், முன் வீல் பூட்டிக்கொள்ளும். உங்கள் உயிரை வைத்து எங்களால் வேலை செய்ய முடியாது. கேம் தேய்ந்து ஆடினால் பரவாயில்லை, கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் என்ற உள்வளையம் போட்டுச் சரிசெய்துவிடலாம்.

இன்னொன்று, பழைய லைனிங்கில் பெரும்பாலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்காதீர்கள், உப்புத்தாளும் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டி, ஷூவையும் தனிப் பையில் போட்டு அனுப்புங்கள். நாங்களும் ஈரம் வைத்துத்தான் உரிக்கிறோம்.

வீலை அனுப்பும்போது டயர், டியூப்பைக் கழற்றிவிடுங்கள். பேரிங்கும் ஆக்ஸிலும் இருக்கட்டும், லேத்தில் மையம் பிடிக்க அவை வேண்டும். வண்டி மாடலையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்போக்கில் கட்டிவிடுங்கள். திரும்ப வந்ததும் முதல் சில நாள் லேசாகப் பிடித்து ஓட்டுங்கள், லைனிங் படியட்டும். கேபிளை அப்புறம் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து