காயலாங்கடைக்குப் போகும் டிவி வால்வுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் 1975-ல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய காலத்தில் வாங்கிய, ஷட்டர் வைத்த மரப்பெட்டி டிவிகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வீடு மாறும்போது அவை காயலாங்கடைக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே செம்புக்காக டிரான்ஸ்பார்மரைப் பிரித்து எடுத்துக்கொண்டு, வால்வுகளை (டிரான்சிஸ்டருக்கு முன் அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்களை) சுத்தியலால் தட்டி உடைத்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்ட ஆசைப்படும் இளைஞர்கள் வெளிநாட்டு வால்வுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். உடைபடுகிற வால்வுகளில் சிலவற்றைக் கொண்டே, வீட்டில் பாட்டுக் கேட்கத் தாராளமான ஆம்ப்ளிஃபயர் கட்டலாம்.

டிவி வால்வு ஆடியோவுக்கு ஆகாது என்று பலர் ஒதுக்குவதற்குக் காரணம், வால்வுக்குள் சூடேறும் இழையான ஹீட்டர்தான். ‘இ’ (E) என்று தொடங்கும் வால்வுக்கு ஹீட்டர் 6.3 வோல்ட். ‘பி’ (P) என்று தொடங்குபவை டிவிக்காகச் செய்தவை. எல்லா ஹீட்டர்களையும் வரிசையாகக் கோத்து, 300 மில்லி ஆம்பியர் ஓடும்படி நேரே மெயின்ஸில் (வீட்டு மின்சாரத்தில்) கொடுத்துவிடுவார்கள். மற்றபடி உள்ளே இருப்பது ஒன்றேதான். இ.சி.எல்.82-க்கு 6.3 வோல்ட், 0.78 ஆம்பியர், பி.சி.எல்.82-க்கு 16 வோல்ட், 0.3 ஆம்பியர். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரே கண்ணாடிக்குள் ஒலியை முதலில் பெருக்க ஒரு டிரையோடும் ஸ்பீக்கரை ஓட்ட ஒரு பென்டோடும் இருப்பதால், சேனலுக்கு ஒரு வால்வு போதும். சுமார் 3 வாட் கிடைக்கும்.

டிவியில் இருந்த மெயின்ஸ் இணைப்பைப் பார்த்து அதேபோல் செய்ய மட்டும் யாரும் துணியக் கூடாது. அந்தப் பெட்டிகளில் பலவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. சேஸிஸ் (உலோக அடிச்சட்டம்) மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேரே இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுதும் 230 வோல்ட். மரப்பெட்டிக்குள் மூடியிருந்தவரை சரி. ஆம்ப்ளிஃபயரில் அந்தச் சேஸிஸ்தான் ஆடியோ வயர் வழியாக உங்கள் செல்போனுக்கும் கைக்கும் வருகிறது. ஆகவே வெளிப்பக்கம் இரண்டு சுருள் (வைண்டிங்) உள்ள தனி டிரான்ஸ்பார்மர் கட்டாயம்: 180 வோல்ட் 200 மில்லி ஆம்பியர் ஒன்று, 15 வோல்ட் 1 ஆம்பியர் ஒன்று. இரண்டு வால்வின் ஹீட்டரையும் 15 வோல்ட்டில் பக்கவாட்டில் (பேரலலாக) இணைக்கலாம். ஒரு வோல்ட் குறைவதால் கெடுதல் இல்லை. அந்த 15 வோல்ட் சுருளின் இரு முனையிலிருந்தும் 220 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று சேஸிஸுக்குப் போக வேண்டும். இதை விட்டால் ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) போகவே போகாது. சேஸிஸுக்கு மூன்று பின் பிளக் வழியாக எர்த், மெயின்ஸில் ஃபியூஸ்.

180 வோல்ட்டைப் பிரிட்ஜ் டையோடில் கொடுத்து, 100 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் கண்டென்சர், 220 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், மறுபடி ஒரு 100 மைக்ரோஃபாரட் வைத்தால் சுமார் 220 வோல்ட் கிடைக்கும். கடைசிக் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் 1 வாட் போடுங்கள். சுவிட்சை அணைத்தபின் மின்னழுத்தம் இறங்க மூன்று நான்கு நிமிடமாவது ஆகும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

9 பின் சாக்கெட்டில் 4, 5-ம் பின்கள் ஹீட்டர். மற்றவற்றில் கேத்தோடு எலெக்ட்ரானை விடுவது, ஆனோடு அதை வாங்குவது, கிரிட்டும் ஸ்கிரீனும் இடையிலுள்ள வலைகள். டிரையோடுக்கு கிரிட் 1, கேத்தோடு 8, ஆனோடு 9. பென்டோடுக்கு கேத்தோடு 2, கிரிட் 3, ஆனோடு 6, ஸ்கிரீன் 7. டிரையோடு ஆனோடுக்கு 220 கிலோ ஓம், கேத்தோடுக்கு 2.2 கிலோ ஓம். டிரையோடு ஆனோடிலிருந்து 0.022 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சர் வழியாகப் பென்டோடின் கிரிட்டுக்கு; கிரிட்டிலிருந்து சேஸிஸுக்கு 470 கிலோ ஓம். டிவியில் இருந்த பழைய பேப்பர் கண்டென்சரை இந்த இடத்தில் ஒருபோதும் போடாதீர்கள். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, ஆனோடு சிவந்து, வால்வு போய்விடும்.

பென்டோடு கேத்தோடில் 390 ஓம் போட்டால் ஆனோடு 7 வாட் உச்சவரம்பிலேயே ஓடும். பழைய வால்வுக்கு 470 ஓம் 2 வாட் போடுவதே நல்லது. சூடானபின் அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 15 முதல் 17 வோல்ட் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே இருந்தால் வால்வு தேய்ந்துவிட்டது. 20-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள்.

செலவும் தரமும், வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில்தான். 5.6 கிலோ ஓமிலிருந்து 8 ஓமுக்கு வர 26.5-க்கு 1 என்ற சுற்று விகிதம் வேண்டும். டிவியிலேயே இருந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பேச்சுக்குப் போதும், பேஸ் வராது. 230-க்கு 9 வோல்ட் சாதாரண டிரான்ஸ்பார்மரின் விகிதம் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் அப்படியே போட்டால் வால்வின் நேர்மின்னோட்டத்தில் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்துபோய்ப் பேஸ் செத்துவிடும். ஸ்டாம்பிங்குகளை (கோரின் இரும்புத் தகடுகளை) கழற்றி, ‘ஈ’ (E) வடிவங்கள் எல்லாம் ஒரு பக்கமும் ‘ஐ’ (I) வடிவங்கள் எல்லாம் மறு பக்கமுமாக அடுக்கி, நடுவில் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டால் நன்றாகவே பாடும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை ஓட்டாதீர்கள்.

முதல் முறை 60 வாட் சீரிஸ் பல்பு (மெயின்ஸ் வயரில் வரிசையாகக் கோத்த பல்பு) வழியாகவே மின்சாரம் கொடுங்கள். பல்பு பிரகாசமாக நின்றால் எங்கோ ஷார்ட். விசில் சத்தம் வந்தால், 1-ம் பின்னுக்குப் போகும் வயர் 6-ம் பின்னின் வயருக்கு அருகில் ஓடுகிறது. பிரித்து, ஷீல்டு வயர் போட்டு, 3-ம் பின்னிலேயே 1 கிலோ ஓம் சேருங்கள்.

பி.சி.எல்.86-ம் நல்ல வால்வுதான், ஆனால் பின் வரிசை வேறு. மாற்றிச் செருகக் கூடாது. தலையில் தொப்பி வைத்த பி.எல்.504-ன் ஹீட்டர் 27 வோல்ட். சக்தி அதிகம், ஆனால் ஸ்கிரீனுக்குத் தனியாகக் குறைந்த வோல்ட் கொடுக்க வேண்டும். முதல் முறை கட்டுபவர்கள் தொட வேண்டாம்.

காயலாங்கடைக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வால்வை ஆட்டிப் பிடுங்காமல் நேராக இழுங்கள். வளைத்தால் பின்னடியில் கண்ணாடி கீறும். எழுத்தைத் துணியால் துடைக்காதீர்கள், அழிந்தால் எந்த வால்வென்றே தெரியாது. உச்சியில் வெள்ளிப் பூச்சு இருப்பவற்றை எடுத்து வையுங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, தூக்கிப் போடலாம். பிக்சர் டியூப் உள்ள பெட்டியைப் பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம். பலநாள் அணைந்து கிடந்தாலும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம், கழுத்துப் பகுதி தட்டுப்பட்டால் டியூப் வெடிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி