முதல் வாரம் எங்கேயும் போக வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

பயண நாட்களை நீ சொன்ன உடனேயே அம்மா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். கோடை விடுமுறையில் மூன்று வாரம். நீ அனுப்பிய திட்டத்தையும் பார்த்தேன். முதல் வாரம் பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள். அடுத்த வாரம் உன் பழைய தோழிகள், அப்புறம் ஏதோ ஒரு சுற்றுலா. கடைசி வாரத்துக்கு எதிரே 'தாத்தா பாட்டியோடு நிம்மதியாக' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசும்போது உனக்கு எப்போதும் ஒரு வேலை காத்திருக்கிறது, நானும் பாதியில் விட்டுவிடுகிறேன்.

அந்தத் திட்டத்தைத் திருப்பிப் போடம்மா. முதல் வாரம் உன் தாத்தா பாட்டிக்கு. எங்கேயும் போக வேண்டாம்.

காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருந்த உன் பையன் விடிகாலை மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வான். வீட்டில் எல்லாருடைய தூக்கமும் கெட்டுவிடுமே என்று நீ அவனை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கையில் போனைக் கொடுத்து, சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பாவம், நீயும் தூங்கவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தாத்தாவும் அதே நேரத்தில் விழித்துத்தான் உட்கார்ந்திருந்தார். வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னே நகர்ந்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததுமே தூக்கம் வரும், இருட்டு விலகுவதற்குள் விழிப்பும் வந்துவிடும்.

நான்காம் நாள் நீ அசந்து தூங்கிவிட்டாய். பையன் தானாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கிறான். தண்ணீர் குடிக்க நான் எழுந்து வந்தபோது முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாத்தா தன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிக் காட்டினார். அவன் வாங்கித் திறந்தான், மூடினான், திருப்பிக் கொடுத்தான். மறுபடி தாத்தா, மறுபடி அவன். அரை மணி நேரத்துக்கு மேல் அந்த 'டப்' சத்தம் மட்டும்தான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன். உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் தூக்கம் கெடக் கூடாதென்று அன்று எழுப்பவில்லை, அப்புறம் எப்படியோ விட்டுப்போயிற்று.

அந்த நேரம் அதிக நாள் நிற்காது. உடம்பு புதிய நேரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் பழகும். ஒரு வாரம், பத்து நாளில் பையன் இந்த ஊர் நேரத்துக்கு வந்துவிடுவான், விடிந்த பிறகும் தூங்குவான். தாத்தாவோ காலை பத்து மணிக்கே களைத்துவிடுகிறார், மதியம் படுத்துவிடுகிறார். மாலையில் வீடு முழுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த இரண்டு பேரும் முழுசாக விழித்திருந்து, வேறு யாரும் குறுக்கே வராத நேரம் என்றால் அந்த முதல் வாரத்து இருட்டு வேளைதான். பகலில் அவனை நல்ல வெளிச்சத்தில் விளையாட விடு, தூக்கம் அதுபாட்டுக்குச் சரியாகும். விடிகாலையில் மட்டும் அவனைப் பிடித்து வைக்காதே. கதவைத் திறந்து விடு. நான் எழுந்து பார்த்துக்கொள்கிறேன்.

இந்த முறை அவனுக்கு ஐந்து வயது. போன முறை வந்ததில் அவனுக்கு ஒன்றுமே நினைவில்லை என்று நீ வருத்தப்பட்டாய். அது அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு மனதில் தங்கும் முதல் காட்சி மூன்று, மூன்றரை வயதில் நடந்ததாகத்தான் இருக்கும். அந்த எல்லையை அவன் இப்போது தாண்டிவிட்டான். இப்போது பார்க்கிற கொள்ளுத் தாத்தா அவனிடம் தங்கலாம்.

ஒரு விஷயத்தை அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வை. வீடியோ காலில் அவன் கூப்பிட்டும் தாத்தா பதில் சொல்லவில்லை, அவன் முகம் வாடி ஓடிவிட்டான் என்றாயே. தாத்தாவுக்கு அவன் மேல் கவனம் இல்லாமல் இல்லை. வயதில் காது மங்கும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகின்றன. குழந்தைக் குரல் அதில்தான் அடிபடுகிறது. என் குரல் அவருக்குக் கேட்கிறது, அவன் குரல் கேட்பதில்லை. கத்தினாலும் பயன் இல்லை, கத்தும்போது வார்த்தை இன்னும் சிதறிப்போகும். டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னால் அவர் பாதியை உதட்டசைவிலேயே பிடித்துவிடுகிறார். திரையில் அது முடிவதில்லை, நேரில் முடியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை விளக்கினால் நன்றாகவே புரியும்.

தாத்தாவுக்குக் காட்ட அவன் படம் வரைந்து கொண்டுவரப்போகிறான் என்றாய். கறுப்பு நிறத்தில் தடித்த கோடாக வரையச் சொல். 20 வயதில் கண்ணுக்குள் எட்டுகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. தாத்தாவுக்கு 86. பென்சில் கோடு அவருக்கு வெறும் வெள்ளைத் தாள்தான்.

பாட்டியைப் பற்றி எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ வாசலில் வந்து நிற்கும்போது அவருக்கு உடனே அடையாளம் தெரியாமல் போகலாம். அருகில் யாராவது 'இது யார் சொல்லுங்க பார்ப்போம்' என்று கேட்பார்கள், நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். நீ அதற்கு இடம் கொடுக்காதே. அவர் தடுமாறுவதற்கு முன் நீயே கையைப் பிடித்து உன் பெயரைச் சொல்லிவிடு. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும், 'இப்பத்தானே சொன்னேன்' என்று மட்டும் சொல்லாதே. நேற்று நடந்தது போய்விடுகிறது, ஆனால் நாற்பது வருஷத்துக்கு முந்தையது அப்படியே இருக்கிறது. நீ பிறந்த அன்று யார் யார் வந்தார்கள், மழை எப்போது விட்டது என்று இப்போதும் வரிசையாகச் சொல்கிறார். அவர் நன்றாக இருக்கும் இடம் அதுதான். அங்கே நீ போய் அவரோடு உட்கார்ந்துகொள். பேசும்போது போனில் பதிவு செய்துகொள், முகத்துக்கு நேரே நீட்டாமல் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும்.

சின்ன விஷயம் இரண்டு. பெட்டிகளை நடைவழியில் வைக்க வேண்டாம், சார்ஜர் வயரும் தரையில் வேண்டாம். இருவரும் இரவில் எழுந்து நடக்கிறார்கள். இன்னொன்று, வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், வெயில் காலத்தில் அதுதான் ஆபத்து. நாங்கள் சொன்னால் தாத்தா 'வேண்டாம்' என்கிறார். பையன் தம்ளரை நீட்டினால் குடிப்பார். அதை அவன் வேலையாகக் கொடுத்துவிடுவோம்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். நீ சின்னவளாக இருந்தபோது ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் உன்னை இதே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பத்து நாள் லீவு. அதற்குள் எத்தனை வீடு ஏறி இறங்குவோம், உனக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டை விட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று பயம். தாத்தா எங்கே போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கிடைத்தது நாம் களைத்துத் திரும்பிய இரவுகள்தான். ஒரு வருஷம் கிளம்புவதற்கு முந்தின நாள், 'நாளைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகலாமே' என்றார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றேன். அவர் சரி என்று உன் செருப்பைத் தேடிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். மாற்ற முடிந்த டிக்கெட்தான் அது. கேட்டுக்கூடப் பார்க்கவில்லை நான். இப்போது நீ கிளம்பும் நாட்களில் வாசலில் நிற்கிறேனே, அப்போதெல்லாம் அந்தச் செருப்பு கண்ணில் வந்துவிடுகிறது.

பெரியப்பாவிடமும் அத்தையிடமும் நான் பேசிவிட்டேன். முதல் வாரம் அவர்களே இங்கே வந்து பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். யாருக்கும் வருத்தம் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் நீ பேசிக்கொள்.

உன் விமான எண்ணையும் வந்து இறங்கும் நேரத்தையும் எழுதி அனுப்பு. தாத்தா நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நாளுக்குரிய பக்கத்தில் மேலே உன் பெயரை எழுதிவிட்டு, கீழே இடம் விட்டிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா