உன் ஐயாவின் மொறிஸ் மைனர்

மானிப்பாய்,
வெள்ளிக்கிழமை.

அன்பின் சிவா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்தி அப்படியே உன் அம்மா. அந்த நெற்றி வேறு எங்கிருந்து வரும்? முழங்கால் ஒப்பரேசன் முடிந்து நீ எழும்பி நடக்கத் தொடங்கியது பெரிய நிம்மதி. ஆனாலும் பனிக்காலம் முடியும் வரை படியில் கவனமாக இறங்கு. இங்கே எல்லோரும் சுகம். மழை இந்தமுறை நேரத்துக்கு வந்தது, கிணறு நிறைந்து கிடக்கிறது. மூத்தவளுக்கு வவுனியாவில் வேலை. இளையவன் சோதனைக்குப் படிக்கிறான், அதாவது படிக்கிறேன் என்று சொல்கிறான். நான் பின்னேரமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக் கராச்சுக்குப் போய்விடுவேன்.

சரி, காரின் கதைக்கு வருகிறேன். முகம் பார்க்கிற மாதிரி பெயின்ற் வேண்டும், கதவு நீக்கல் எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும், போல்ற் நட் வரைக்கும் பளபளக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். ஐயாமேல் உள்ள பாசத்தில்தான் அப்படிக் கேட்கிறாய், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் வேலை தொடங்கமுதல் என் பக்கத்தையும் கேள். இங்கிலாந்தில் மொறிஸ் கார் செய்த கௌலித் தொழிற்சாலையில் செய்ததைவிடத் திறமாக அந்தக் காரை நாங்கள் செய்யக்கூடாது, மச்சான். அதற்கான காரணங்களை நேரில் பார்த்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இடதுபக்க முன்கதவு உனக்கு நினைவிருக்கும். மேலே நீக்கல் அகலம், கீழே போகப் போக ஒடுக்கம். யாரோ இடித்து வளைந்தது என்றுதான் நானும் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். போன கிழமை ரிங்கர் வேலை, அதாவது தகர வேலை செய்கிற தம்பி பிணைச்சலின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஸ்குரூத் தலைகளின் வெட்டுக்குள்ளே பழைய சாம்பல் பெயின்ற் வெடிக்காமல் அப்படியே இருக்கிறது. ஒரு தடவையாவது ஸ்குரூ டிரைவர் பட்டிருந்தால் அந்தப் பூச்சு உடைந்திருக்கும். அப்படியென்றால் 1955இல் கௌலியில் மாட்டியபடியேதான் அந்தக் கதவு இன்றைக்கும் நிற்கிறது. யாரும் இடிக்கவில்லை. அங்கே வேலை செய்த ஒருவர், அடுத்த கார் வரிசையில் வந்துகொண்டிருக்கும்போது, இது போதும் என்று விட்டுவிட்டுப் போன நீக்கல் அது.

அதே கதவின் அடிமடிப்பில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், பெயின்ற் வழிந்து ஒரு துளியாகக் காய்ந்திருக்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படும். முன்மட்காட்டின் உட்பக்கத்தில் தகரம் தகரத்தோடு சேருகிற இடத்தில் பூசின அடைப்புக் களியில் தூரிகையின் மயிர்க்கோடுகள் தெரிகின்றன. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் பற்றாமல் விட்டிருக்கிறது. பெயின்ற் அடிக்கிற பையன் இதையெல்லாம் தேய்த்துச் சமன் செய்யட்டுமா என்று கேட்டான். தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மைனரின் பிறப்பே ஒரு திருத்தத்தில்தான். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காரைச் செய்து முடித்த பிறகு பார்த்தால் அது அவருக்கு ஒடுக்கமாகத் தெரிந்தது. காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலத்தில் நிறுத்தினார். பொனற்றின் நடுவே நீளத்துக்கு ஓடுகிற அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். பம்பர்களை ஏற்கெனவே செய்துவிட்டார்களாம், அதனால் 1948இல் வெளிவந்த முதல் கார்களில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். நாங்கள் சின்ன வயதில் ஏறியிருந்து வழுக்கி விளையாடின பொனற் அந்த வடு உள்ள பொனற். அதை அழகில்லை என்று யாராவது சமப்படுத்தினால் அது மைனரே இல்லை. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அந்த வேகத்தில் ஓடுகிற இடத்தில் ஒவ்வொரு கதவையும் நூல் பிடித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

நீ இருக்கிற பக்கத்திலேயே, அமெரிக்காவில், கோர்வெற் என்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று 1974இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, நாஷனல் கோர்வெற் ரெஸ்ரோரர்ஸ் சொசைற்றி. அவர்களுடைய நடுவர்கள் கார் எவ்வளவு பளபளக்கிறது என்று பார்ப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அளவுகோல். தொழிற்சாலை மங்கலாக விட்ட இடத்தைப் பளபளப்பாக்கினால் புள்ளி குறையும். அளவுக்கு மிஞ்சின திருத்தம் அவர்களுக்கும் ஒரு குறைதான்.

ஆனால் அவர்கள் வழியில் முழுதாகப் போகவும் எனக்கு மனமில்லை. அந்த உலகத்தில் சிலர் புதிதாகப் பெயின்ற் அடித்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு வழிசலையும் உண்டாக்கிவிடுகிறார்கள், தொழிற்சாலையில் அப்படி இருந்தது என்பதற்காக. அது சரியில்லை. வழிந்த துளி ஒரு மனிதருடைய கை அன்றைக்குப் போன வேகத்தின் அடையாளம். அந்தக் கை இல்லாத இடத்தில் துளியை மட்டும் செய்து வைப்பது பொய். ஆகவே நான் தம்பியிடம் சொன்னது இதுதான்: பழசு தப்பியிருக்கிற இடத்தில் கை வைக்காதே, போய்விட்ட இடத்தில் உனக்குத் தெரிந்தபடி ஒழுங்காகச் செய், நடிக்காதே.

கறள் விஷயம் வேறு. அது தொழிற்சாலையின் குறையும் இல்லை, ஐயாவின் நினைவும் இல்லை. மைனருக்கு வழமையாக வருகிற இடங்களில் எல்லாம் வந்திருக்கிறது: கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி, தளத்தின் ஓரங்கள், பின்வில்லுத் தகடு பிடிக்கிற இடம். அவற்றை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைக்கவேண்டும், பேச்சில்லை. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இந்தக் காரில் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. வெள்ளம் பட்டுப் பட்டு உள்ளே அரித்துவிட்டது. அதையும் குழாய்களையும் புதிதாகப் போடுகிறோம். வயரிங்கும் அப்படித்தான். பேத்தியை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிற கார், அதில் பழமை பார்க்கமுடியாது. நீ குரோமுக்கென்று ஒதுக்கின காசை இதற்குத் திருப்பியிருக்கிறேன். கணக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்புவேன். சாமானுக்குப் பெரிய கஷ்டமில்லை. 1990களில் தெற்கில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்திருக்கிறார்கள், அந்தக் காலத்துத் தகரங்கள் இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன.

இனி எனக்கு உண்மையாகவே முடிவெடுக்கக் கஷ்டமான பகுதி. பொனற்றைத் திறந்தால் பின்சுவரில், எஸ்.யூ. பெற்றோல் பம்புக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தகரக் கொள்கலன் பிடித்த தாங்கியும் ஒரு செப்புக் குழாயும் வால்வும் இருக்கின்றன. 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஐயா லேத் பட்டறையில் செய்வித்தது. அந்தக் கொள்கலனில் கொஞ்சப் பெற்றோல் வைத்து ஸ்ரார்ட் பண்ணுவது, என்ஜின் சூடானதும் வால்வைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் இந்த ஏற்பாடு. 803 சிசி என்ஜின், அமுக்க விகிதம் குறைவு, அதனால் அது தாங்கியது. இன்றைய கார் ஒன்றென்றால் கடகடவென்று தட்டியே நின்றிருக்கும். ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும், ஐயா அடிக்கடி ஒயில் மாற்றினது அதற்குத்தான். அந்தப் புகை மணத்தோடு எத்தனை பேரை இரவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருப்பார். 1995 ஒக்டோபர் 30இல், சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, உன் அப்பாச்சியை ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினதும் இந்தக் குழாயின் தயவில்தான்.

தொழிற்சாலைப்படி என்று பிடிவாதம் பிடித்தால் அதைக் கழற்றி எறியவேண்டும், பின்சுவரில் போட்ட துளைகளையும் அடைக்கவேண்டும். நான் அதற்குச் சம்மதிக்கமாட்டேன். பழைய வாகனங்களுக்கான உலக சம்மேளனம் ஃபீவா 2012இல் ரியூறின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களுக்கு 1964இல் வெனிஸில் எழுதின சாசனத்தின் வழியில் வந்தது. வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறுதான், அவற்றையும் மதிக்கவேண்டும் என்பது அதன் போக்கு. கௌலியில் ஒரு நாள் பிறந்த கார் யாழ்ப்பாணத்தில் எழுபது வருடம் வாழ்ந்திருக்கிறது. அந்த எழுபது வருடத்தையும் குறை என்று கழிக்க முடியாது. குழாயைத் துண்டித்து, தாங்கியையும் வால்வையும் இருந்த இடத்திலேயே விடுவோம்.

இலக்கத் தகடும் அப்படியே இருக்கட்டும். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டு எழுத்து எடுத்துப் போட்ட பழைய இலக்கம், 1957க்கு முந்தியது. அதற்குப் பிறகு வந்த வாகனங்களுக்குத்தான் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. 1958இல் அதை எதிர்த்து ஊரெல்லாம் அந்த எழுத்தைத் தாரால் அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினபோது ஐயாவின் தகட்டில் அழிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கதையை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பின்சீற்றில் இருந்து கேட்டது உனக்கு ஞாபகமா?

கதவுத் தூணுக்குள்ளிருந்து வெளியே நீளுகிற சிக்னல் கைகளை மட்டும் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறேன். யாரோ எழுபதுகளில் புட்டி வைத்து மூடி, மட்காட்டில் விளக்குப் போட்டிருக்கிறார்கள். வலதுபக்கத்துக் கை உள்ளேயே கிடக்கிறது, இடதுபக்கத்துக்குத் தேடவேண்டும். விளக்கும் இருக்கட்டும். இந்தக் காலத்து வீதியில் கை நீட்டினால் மோட்டார் சைக்கிள்காரப் பையன்களுக்கு என்னவென்று தெரியாது.

கடைசியாக நிறம். எங்களுக்குத் தெரிந்த கார் இளநீலம். கௌலியில் அடித்தது கிளாரண்டன் கிரே, தேய்த்துப் பார்த்ததில் கிறீம், நீலம், பச்சை எல்லாவற்றுக்கும் கீழே அதுதான் வருகிறது. வெளிப்பக்கத்தைத் தப்பவைக்க முடியாது, அடித்தே ஆகவேண்டும். என் விருப்பம் சாம்பல். கதவு மடிப்பிலும் பிணைச்சலிலும் பழைய சாம்பல் இருக்கிறது, நீலம் அடித்தால் அவற்றையும் மூடவேண்டி வரும். ஆனால் இது உங்கள் வீட்டுக் கார். அக்காவிடமும் கேள், நீலத்தில்தான் அவ கலியாண வீட்டுக்குப் போனவ.

பழைய அல்பத்தில் காரின் முன்பக்கம் தெரிகிற படம் இருந்தால் பெரிதாக்கி அனுப்பு. முன் அளியும் சில்லு மூடியும் எப்படி இருந்தன என்று சரி பார்க்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய் என்றால் பெயின்ற் வேலை ஆனி முடியமுதல் முடியவேண்டும். அதனால் பதிலைச் சுணக்காதே.

அன்புடன்,
ரவி