ஜான்சென் ஹீலியத்தோடு நின்றவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கிரகணக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்செனை, 'குண்டூரில் ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியும் முழுக்கச் சரியில்லை.

1868 ஆகஸ்ட் 18 அன்று, முழுச் சூரிய கிரகணத்தின்போது, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில், சூரிய விளிம்பிலிருந்து எழும் பிழம்புகளின் நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் பளிச்சென்று இருந்தன. இவ்வளவு பிரகாசம் என்றால் கிரகணம் இல்லாமலே தெரியுமே என்று தோன்றியது; மறுநாளே பார்த்தும் விட்டார். அவருடைய சாதனை அதுதான். பின்னால் ஹீலியத்துடையது என்று தெரிந்த மஞ்சள் கோட்டை அன்று வேறு சிலரும் பார்த்தார்கள். அது புதிய தனிமத்துடையது என்ற யோசனை இங்கிலாந்து வானியலாளர் லாக்கியரிடமிருந்து வந்தது.

மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. சிறு வயது விபத்தால் கால் ஊனம். 1870 டிசம்பரில் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, கிரகணம் பார்க்க பலூனில் ஏறித் தப்பினார். அல்ஜீரியாவின் ஓரான் வரை போய்ச் சேர்ந்தால் அங்கே மேகம்! மறு வருடம் டிசம்பர் 12 அன்று நம் நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்துச் சோலூரில், வானம் கைகொடுத்தது. முழுக் கிரகணத்தில் தெரியும் கரோனா என்கிற ஒளிவட்டம் சூரியனுக்கே உரியது என்பதற்கு அங்கே நல்ல ஆதாரம் கிடைத்தது. இந்த ஊர்ப் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.

அப்புறம் புகைப்படம். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தது. வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் நொடி துல்லியமாகத் தெரிந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களே வெவ்வேறு நேரம் சொன்னார்கள். கண்ணை நம்பி என்ன செய்வது? ஜான்சென் ஒரு கருவி செய்வித்தார். படம் பதிய, வெள்ளி உலோகம் பூசிய வட்டத் தகடு ஒன்று. அதன் முன்னால் துளைகள் வெட்டிய இன்னொரு வட்டு. கடிகாரப் பொறி தகட்டைக் கொஞ்சம் திருப்பும், நிறுத்தும், ஒரு படம் விழும், மறுபடி திருப்பும். 72 விநாடியில் 48 படம். துப்பாக்கிக் குண்டு அறை சுழல்வதுபோல் இருந்ததால் அதற்குப் புகைப்பட ரிவால்வர் என்று பெயர். அதை ஜப்பானின் நாகசாகிக்குக் கொண்டுபோனார். அதே வழியில்தான் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே 1882இல் பறவைகள் பறப்பதைப் படமெடுத்தார். பின்னால் வந்த சினிமா கேமராவிலும் பிலிம் நின்று நின்றுதான் நகர்ந்தது. 1895இல் லியோன் புகைப்பட மாநாட்டில் சினிமா முன்னோடி லூமியர் எடுத்த படத்தில் ஜான்செனும் இருக்கிறார்.

1876 முதல் பாரிஸுக்குப் பக்கத்து மியூடன் வானாய்வகத்தில் அவர் சேர்த்த சூரியப் படங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இடம் இருந்தால் அடுத்த இதழில் அதில் ஒன்றையாவது போடுங்கள். கூடவே ரிவால்வரின் படமும்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி