ஜெராக்ஸ் கடைப் பெரியவருக்கு நன்றி

போன மாதம் ஒரு வியாழன் மாலை, ஜெராக்ஸ் கடையில் பென்ஷன் தாள்களோடு நின்றிருந்த பெரியவரே, உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை, மன்னியுங்கள்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. எஸ்.பி.எல்., அதாவது பள்ளி மாணவர் தலைவர் பொறுப்புக்கு விண்ணப்பம் கொடுக்க மறுநாள்தான் கடைசி. "நான் ஒழுக்கமானவள், கடமை தவறாதவள்" என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். எழுதச் சொன்னது நான்தான். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதுவரைக்கும் பள்ளிக்கூடத்துல என்ன செஞ்ச?" என்று கேட்டீர்கள். ஒழுகிய குடிநீர்க் குழாயைச் சொல்லிச் சொல்லிச் சரிசெய்ய வைத்ததையும், சத்துணவு வரிசையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையும் சொன்னாள். எனக்கே அது புதுச் செய்தி.

"அதை மட்டும் எழுது, மத்ததை அடி."

முன்பு பி.டி. சாராக இருந்தீர்களாம். காலை வழிபாட்டில் தேசிய உறுதிமொழியை முன்னின்று சொல்லும்போது, ஒரு வரி சொன்னதும் நிறுத்தி, கூட்டம் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிக் காட்டினீர்கள். அதை 1962இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்றும் சொன்னீர்கள். நேர்காணலில் யாரும் அதைக் கேட்கவில்லை, அது வேறு விஷயம்!

ஏ.எஸ்.பி.எல்., அதாவது துணைத் தலைவர் ஆகிவிட்டாள் ஐயா. செவ்வாய்க்கிழமைகளில் உறுதிமொழி அவள்தான்.

அப்புறம், அன்று எங்கள் தாளுக்கும் சேர்த்து நீங்களே காசு கொடுத்துவிட்டீர்கள். கடைக்கார அண்ணனிடம் பத்து ரூபாய் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.