டாலி பார்ட்டனின் அப்பாவும் என் அப்பாவும்

அன்புள்ள மாப்ளே,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மிச்சத்தைப் படிக்கவே மனசு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. குனியக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பார், அதனால் ஜெபத்துக்கு முழங்கால் போடுவதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல். அம்மா கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

நானும் உன் தங்கச்சியும் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் வந்து நாலு மாதம் ஆகிறது. மகளும் மருமகனும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் பேத்தியும் நாங்கள் இரண்டு பேரும்தான். அவளுக்கு மூன்றரை வயது, தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறாள், அதில் எனக்குப் பெரிய நிம்மதி. அங்கே என்ன புதுசாகப் பார்த்தாய் என்று கேட்டிருந்தாயே, அதைத்தான் நாலு நாளாக மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாதம் ஒரு தடவை தபாலில் பேத்திக்கு ஒரு புத்தகம் வருகிறது. அவள் பெயரே அச்சிட்டு வருகிறது. காசு கிடையாது. பிறந்ததிலிருந்து 5 வயது முடியும் வரை மாதாமாதம் வருமாம். வந்த அன்றைக்கு அதைத் தரையில் வைத்து, ஒட்டியிருக்கும் தாளில் தன் பெயரின் முதல் எழுத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பிரிக்க விடுவாள். யார் அனுப்புகிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். டாலி பார்ட்டன் என்றாள். பாட்டுக்காரி என்று பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன், பொன்னிறத்தில் உயரமான பொய்முடியும் மினுமினுக்கும் உடுப்புமாகப் படத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அவருக்கும் இந்தப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோண்டப் போய்த்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

அந்த அம்மா பிறந்தது இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத செவியர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), மலையடிவாரத்தில், ஒற்றை அறைக் குடிசையில், 1946 ஜனவரியில். 12 பிள்ளைகளில் நாலாவது. அப்பா அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர்செய்தவர், பிறகு கொஞ்சம் சொந்த நிலத்தில் புகையிலை போட்டவர். பிரசவம் பார்த்த மிஷன் டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் ஒரு மூட்டை மக்காச்சோள மாவு கொடுத்தாராம். டாலி பின்னாளில் அந்த டாக்டரின் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதிப் பாடினார். தாத்தா பெந்தெகோஸ்தே பிரசங்கியார். ஆறேழு வயதில் அவர் சபையில் பாட ஆரம்பித்த பிள்ளை, 10 வயதுக்கெல்லாம் இதே நாக்ஸ்வில்லில் ரேடியோவிலும் டிவியிலும் பாடியிருக்கிறது. உங்கள் தெருக்கோடி சபையில் கைதட்டிப் பாடுவார்களே, கிதாருக்குக் காத்திராமல் யாராவது ஒரு பாட்டி எடுத்துக்கொடுக்க மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளுமே, அந்த மாதிரிப் பாட்டுதான் அவருக்கு அடிப்படை. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அது அடியில் ஓடுவது எனக்குக் கேட்கிறது.

ஒரு விஷயம் படித்தபோது உன் அக்காவை நினைத்துக்கொண்டேன். வருஷத்துக்கொரு பிள்ளை பிறந்த வீடு, அதனால் ஒவ்வொரு கைக்குழந்தையையும் மூத்த பிள்ளை ஒருவரிடம் இது உன் பிள்ளை என்று அம்மா ஒப்படைத்துவிடுவாராம். டாலிக்கு 9 வயதில் அப்படிச் சொல்லிவைத்த தம்பி பிறந்ததுமே இறந்துவிட்டான். உன் அக்கா இடுப்பில் எப்போதும் நீ இருப்பாய். அந்த இடுப்பு காலியாகப் போனால் அந்த வயதுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும், சொல்.

அப்புறம் அந்தக் கோட்டு. ஞாயிறு பள்ளியில் உங்கள் அம்மா சொல்லித்தந்த யோசேப்பின் பலவருண அங்கி ஞாபகம் இருக்கிறதா? டாலியின் அம்மா கிழிந்த துணித்துண்டுகளைச் சேர்த்துக் குளிருக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்திருக்கிறார், தைக்கும்போதே அந்த யோசேப்பு கதையையும் சொல்லியிருக்கிறார். பிள்ளை ராஜகுமாரி மாதிரி பள்ளிக்கூடம் போனால் எல்லாரும் கந்தல் என்று சிரித்திருக்கிறார்கள். இதை அவர் பாட்டாக எழுதினார், 1969இல், ஊர் ஊராகப் போகும் பஸ்ஸில், தாள் இல்லாமல் சலவைக்கடை ரசீதின் பின்பக்கத்தில். 1971இல் இசைத்தட்டாக வந்தது. அந்தப் பாட்டில் அவமானத்தைவிடப் பெருமைதான் அதிகம். இதில் அம்மா தைத்த அன்பு இருக்கிறது, உங்களுக்குப் புரியவில்லை என்று நின்று சொல்கிற பெருமை. நான் அப்படி நிற்கவில்லை, மாப்ளே. உனக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டு. காலாண்டுக்கு அப்பா ஊதா மையில் கைநாட்டு வைத்துக் கொடுத்ததைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள், வாத்தியாரும் சிரித்தார். அரையாண்டுக்கு நானே அப்பா பெயரை எழுதிவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து மை காய ஊதியவன் நீ. இத்தனை வருஷமாக யாரிடமும் நீ சொன்னதில்லை. ஆனால் உனக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலம் காட்டிலிருந்து வந்த அப்பா மாடக்குழியில் இருந்த கார்டை எடுத்துப் பார்த்து, இது என்னய்யா என்று கேட்டார். உங்க பேருதாம்ப்பா என்றேன். கரிசல் மண் ஒட்டிய விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் கார்டு எங்கே, மை எங்கே என்று கேட்டதில்லை.

டாலியின் அப்பாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இதை அந்த அம்மா போகிற இடமெல்லாம் சொல்கிறார், தனக்குத் தெரிந்த புத்திசாலிகளில் அப்பா ஒருவர், ஆனால் படிக்கத் தெரியாதது அவரை உள்ளுக்குள் முடக்கிப் போட்டது என்று. அதனால்தான் இந்தப் புத்தகத் திட்டமே. 1995இல் சொந்தக் கவுண்டிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, இப்போது டென்னசியின் 95 கவுண்டியிலும், கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அயர்லாந்து வரைக்கும் போகிறது. 2018இல் 10 கோடி புத்தகத்தைத் தாண்டிவிட்டார்கள். அப்பா 2000இல்தான் காலமானார், அதனால் தொடங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டார். மகள் சம்பாதித்த பேருக்கும் புகழுக்கும் மேலாக, பிள்ளைகள் அவரைப் புத்தக அம்மா என்று கூப்பிடுவதில்தான் அவருக்குப் பெருமையாம்.

இன்னொன்று. 1964இல் பள்ளிப்படிப்பு முடிந்த மறுநாளே டாலி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். போனதும் அம்மா அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1973இல் ஊரைப் பற்றியே ஓர் இசைத்தட்டு போட்டபோது முதலில் பாட்டு வைக்கவில்லை, அந்தக் கடிதத்தைத்தான் வாசித்தார். பின்னால் மவுத் ஆர்கன் மட்டும் மெதுவாகக் கேட்கிறது. வீட்டு ஏக்கம் முழுக்க அந்தக் குரலில் இருக்கிறது. என் மகள் இரவில் அதைப் போட்டுக் காட்டியபோது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தக் கடிதம் வந்த அன்று அவருடைய அப்பாவால் அதைப் படித்திருக்க முடியாது, வீட்டில் யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். 9 வருஷம் கழித்து அதே கடிதத்தை மகள் குரலிலேயே அவர் கேட்டிருப்பார். இதை நினைத்து அன்றைக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

போன சனிக்கிழமை செவியர்வில் போய்வந்தோம். கோர்ட் வாசலில் 1987இல் வைத்த டாலியின் வெண்கலச் சிலை இருக்கிறது. பாறைமேல் கிதாரோடு, செருப்பில்லாத காலோடு உட்கார்ந்திருக்கிறார். பேத்தி நேராகப் போய் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சிலைமேல் புறா எச்சமிடும் என்று டாலியின் அப்பா ராத்திரியில் வண்டியில் சோப்புத் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவாராம். மகளிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை, அந்த அம்மாவுக்கே பின்னால்தான் தெரிந்ததாம். சிலைக்குக் கீழே எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாது, மாப்ளே. ஆனால் கழுவத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து ஊரில் டாலி பெயரிலேயே 1986இலிருந்து ஒரு பெரிய பூங்கா நடக்கிறது, சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேருக்கு அங்கேதான் வேலை. ராட்டினங்களை விடு. உள்ளே அவர் வளர்ந்த மலை வீட்டை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், கட்டியது தம்பி, சாமான்களை ஒழுங்குபடுத்தியது அம்மா. குளிர் புகாமல் சுவரெல்லாம் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. நாலு பக்கமும் எழுத்து, நடுவில் அதைப் படிக்கத் தெரியாத ஒரு தகப்பன். அந்த வாசலைவிட்டு என்னால் சட்டென்று நகர முடியவில்லை.

2016 நவம்பரில் இந்த மலையில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள், ஏராளமான வீடுகள் போயின. வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 1000 டாலர், 6 மாதத்துக்கு என்று அறிவித்து, கடைசி மாதம் அதை 5000 ஆக்கிக் கொடுத்தார் டாலி. இது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் விசுவாசம் என்ற சொல்லை இப்போதெல்லாம் சண்டைக்குத்தான் எடுக்கிறார்கள் என்று நீ வருத்தப்பட்டிருந்தாய். இந்த அம்மா விடியற்காலை எழுந்து ஜெபிக்கிறவர், அதை மறைப்பதும் இல்லை. ஆனால் புத்தகம் அனுப்புவதற்கு முன்னால் எந்த வீட்டிலும் நீங்கள் எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. முருகன் படம் மாட்டிய எங்கள் வீட்டுக்கும் அது வருகிறது. அவருடைய கணவர் 2025 மார்ச்சில் காலமாகிவிட்டார், 1966இல் கட்டிய தாலி மாதிரியான உறவு அது, கிட்டத்தட்ட 59 வருஷம். அவர் வெளிச்சத்துக்கே வராத மனிதர்.

சரி, ஓர் உதவி வேண்டும். எங்கள் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. நடு அறையில் அம்மாவின் டிரங்குப் பெட்டி, அதில் பட்டாவும் ரேஷன் கார்டும் வைத்த மஞ்சப்பைக்குள் அந்த ஏழாம் வகுப்புக் கார்டு இருக்கும், நான் போட்ட கையெழுத்தோடு. அது வேண்டாம். அதற்கு மேல் வரியில், காலாண்டுக்கு நேரே, அப்பாவின் கைநாட்டு இருக்கும். அதை மட்டும் வெளிச்சத்தில் வைத்து, ரேகை தெரிகிற மாதிரி போட்டோ பிடித்து அனுப்பு. பேத்திக்குக் காட்ட வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
மாப்ளே